முதல் அளவு விலக்கப்படும்

இதோ சொல்லிவிடுகிறேன், நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்று யாராவது நிரூபித்துவிட்டால், என் வாயில் மிச்சமிருக்கிற ஏழு பல்லையும் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். ஏழில் ஒன்று கட்டின பல். அதையும் மறைக்காமல் சொல்கிறேன் பாருங்கள், அவ்வளவு உண்மையான மனுஷன் நான்.

ஓர் ஊரில் ஓர் ஆவண மையம் இருந்தது. அந்த ஊரில் யார் பிறந்தாலும், யாருக்குக் கல்யாணம் ஆனாலும், யார் போய்ச்சேர்ந்தாலும் அங்கே பதிவாக வேண்டும். முன்காலத்தில் ஆள் உயரப் பதிவேடுகளாகக் கிடந்ததையெல்லாம் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் ஏற்றிவிட்டார்கள். பழைய பதிவேட்டில் ஒரு பெயரைத் தேட அரை மணி நேரம் ஆகும். டிஸ்க்கில் ஏற்றிய பிறகு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இதற்கு முன்னேற்றம் என்று பெயர்.

அந்த மையத்தில் வேக அளவீட்டு அலுவலர், நிலை இரண்டு, என்று ஒருவர் இருந்தார். நிலை ஒன்று என்று யாரும் கிடையாது. இருந்தாலும் இவர் இரண்டுதான். கழுத்தில் எந்நேரமும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். அதனால் எல்லோரும் அவரை விநாடியார் என்றே கூப்பிட்டார்கள். வீட்டிலும் அந்த வாட்ச்சைக் கழற்ற மாட்டார். அடுப்பில் பால் வைத்தால் பக்கத்தில் நின்று, அது பொங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பார்.

"பொங்கி வழியிற வரைக்கும் அளந்துக்கிட்டு நிக்கிறீங்களே, அடுப்பை அணைச்சா கை தேஞ்சா போயிடும்?" என்பார் அவர் மனைவி.

"அணைச்சா அளவு கெட்டுடும்" என்பார் விநாடியார்.

அவர் கெட்டிக்காரர் என்று அவருக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணத்தை அளக்க மட்டும் யாரும் வாட்ச் கண்டுபிடிக்கவில்லை.

முக்கால் மணி நேரம் பொறுக்க முடியாமல் ஜனங்கள் சத்தம் போட்டதில், மையத்துக்குப் புது டிஸ்க் வந்தது. அதை அளந்து சான்றளிக்கும் மாபெரும் பொறுப்பு விநாடியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அளவீட்டு விதிமுறைப் புத்தகத்தில் பதினான்காம் விதி இப்படிச் சொல்கிறது: 'அளப்பவரின் கட்டைவிரல் சூடேறாத நிலையில் எடுக்கப்படும் முதல் அளவு விலக்கப்படும். பின்வரும் இரண்டு அளவுகளில் குறைந்ததே உண்மை அளவாகக் கொள்ளப்படும்.' யார் எழுதியது, எந்தக் குளிர்காலத்தில் எழுதியது, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த விதியை மீறியவர் என்று அந்த மையத்தின் வரலாற்றில் ஒருவர்கூட இல்லை.

விநாடியார் சர்வர் அறைக்குப் போனார். அந்த அறையைப் பார்த்துக்கொள்பவர் ஓர் அம்மாள். அறை எப்போதும் குளிர்ந்து கிடப்பதால் கோடையிலும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு சர்வரம்மா என்று பெயர்.

"முதல் பதிவேட்டைக் கேளுங்கம்மா" என்றார் விநாடியார், வாட்ச்சைத் தட்டிவிட்டு.

டிஸ்க் உறுமியது, முனகியது, ஓடியது. பதினோரு நிமிடம் கழித்துத் திரையில் முதல் பதிவேடு வந்தது. விநாடியார் அதைக் குறித்துக்கொண்டார். ஆனாலும் விதி விதிதான். "இன்னொரு தடவை" என்றார்.

ஒரு நொடி.

"இன்னும் ஒரு தடவை."

ஒரு நொடி.

விநாடியார் பதினோரு நிமிடத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'ஒரு நொடி' என்று நீல மையால் எழுதினார். எழுதியதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். சந்தோஷம்.

"சார், நீங்க அளந்தது டிஸ்க்கை இல்லை" என்றார் சர்வரம்மா.

"என்னம்மா சொல்றீங்க? கண்ணு முன்னாடி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கே!"

"உட்கார்ந்திருக்கு. முதல் தடவை கேட்டப்போ டிஸ்க்ல தேடி எடுத்துச்சு, பதினோரு நிமிஷம். எடுத்ததை மெமரியில வெச்சுக்கிச்சு. ரெண்டாவது தடவை கேட்டதும் மெமரியிலேர்ந்தே நீட்டிடுச்சு. டிஸ்க் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை."

விநாடியார் முழித்தார்.

"இப்படி வெச்சுக்குங்க. வீட்டம்மா உங்ககிட்ட கத்திரிக்கோல் கேக்கறாங்க. நீங்க மாடிக்குப் போயி, பீரோவைத் திறந்து, துணியெல்லாம் கலைச்சுத் தேடி எடுத்துட்டு வந்து மேசை மேல வெக்கிறீங்க. அடுத்த நிமிஷமே திரும்பக் கேட்டா?"

"மேசையிலேர்ந்து எடுத்துக் குடுப்பேன்."

"அதுக்காக 'எங்க வீட்டு பீரோ ரொம்ப வேகமான பீரோ'ன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

விநாடியார் ரொம்ப நேரம் யோசித்தார். யோசித்ததை அளந்திருந்தால் நாலு நிமிடம் இருக்கும். பிறகு, "விதியில பீரோவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார்.

"சரி, மெமரியைத் துடைச்சிட்டு அளந்து பாருங்க."

"துடைச்சிட்டு அளந்தா அது முதல் அளவாயிடுமே."

"ஆமா."

"முதல் அளவு விலக்கப்படும்."

சர்வரம்மா ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். விநாடியாருக்கு விஷயம் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. ஆனால் முப்பது வருஷமாக அவர் அளந்த எதையும் யாரும் பாராட்டியது கிடையாது. 'ஒரு நொடி' என்ற அந்த நீல எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. மனுஷன்தானே, அதை அடிக்க மனசு வரவில்லை.

மையத்தின் இயக்குநர் மாநாடுகளுக்குப் போய்வருகிற மனிதர். போன வருஷம் போய்வந்தபோது 'மௌனம்' என்ற நாகரிகத்தைக் கொண்டுவந்தார். மூன்று மாதம் யாரும் யாரிடமும் பேசாமல் வேலை பார்த்தார்கள், அதாவது பார்க்கவில்லை. இந்த வருஷத்து நாகரிகம் 'வேகம்'. விநாடியாரின் அறிக்கையைப் படித்ததும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். வாசலில் 'ஒரு நொடி அலுவலகம்' என்று பலகை ஏறியது. விநாடியாருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு ஒன்றே கால் மணி நேரம் பேசினார்கள்.

கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுபோனபோது மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். கப்பல் இன்ஜினியருக்குப் படித்து முடித்திருந்தாள். கப்பலில் வேலையும் கிடைத்திருந்தது.

"அப்பா, என்னோட பிறப்புப் பதிவு நகல் வேணும். அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள கம்பெனியில குடுக்கணும். இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க. நாளைக்கே வரட்டா?"

"எதுக்கும்மா அலையறே? ஒரு நொடி வேலை. அந்த வெள்ளிக்கிழமை காலையில வா, போதும்."

"நிஜமாவாப்பா?"

விநாடியார் கேடயத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் 'ஒரு நொடி' என்று பொறித்திருந்தது. மகள் நம்பினாள். பெற்ற தகப்பன் எழுத்தில் காட்டினால் நம்பாமல் என்ன செய்வாள்?

விநாடியாரின் முறை ஊரெங்கும் பரவியது. தீயணைப்பு நிலையத்தில் ஒரே வீட்டு முகவரியை மூன்று தடவை கொடுத்து வண்டியை அளந்தார்கள். முதல் தடவை இருபது நிமிடம், அது விலக்கப்பட்டது. இரண்டாம் தடவை வண்டி அந்த வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. பூஜ்யம் நொடி. அன்றிலிருந்து வண்டியை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். தீப்பிடித்தால் அந்த வீட்டில் மட்டுமே பிடிக்க வேண்டும் என்று பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். மருத்துவமனையில் ஒரு டாக்டர், ஒரே நோயாளியின் நோயை மூன்றாம் தடவை கேட்டபோது அவர் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டாராம். அதிவேக டாக்டர் என்று அவருக்கும் ஒரு கேடயம். நோயாளிக்குத்தான் இன்னும் மருந்து கொடுக்கவில்லை.

ஆவண மையத்தில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல். ஜனங்கள் ஒவ்வொருவரும் அவரவர் பதிவைக் கேட்டுத் தொலைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பதினோரு நிமிடம் ஆயிற்று. இயக்குநர் விநாடியாரைக் கூப்பிட்டார்.

"என்னய்யா இது, பலகையில ஒரு நொடின்னு இருக்கு, ஜன்னல்ல பதினோரு நிமிஷம் ஆகுது?"

"அவங்க முதல் தடவையா கேக்கறாங்க ஐயா. ரெண்டாவது தடவை கேட்டா ஒரு நொடிதான்."

"அப்புறம் எதுக்கு முதல் தடவை வராங்க?"

மறுநாளே ஆணை வெளியானது: 'பொதுமக்களின் வசதியை முன்னிட்டு, முதல் முறை வருகை இதனால் ரத்து செய்யப்படுகிறது. விண்ணப்பதாரர்கள் அனைவரும் நேரடியாக இரண்டாம் முறையே வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

அதோடு விட்டாரா? மற்ற ஊர்களிலிருந்து இந்த அதிசயத்தைப் பார்க்கக் குழுக்கள் வர ஆரம்பித்தன. பார்க்கிறவர்கள் முன்னால் முதல் பதிவேடு ஒரு நொடியில் வந்தாக வேண்டும். மெமரியிலிருந்து அது நழுவிவிட்டால் மானம் போய்விடும். ஆகவே இயக்குநர் தன் மேசையில் ஒரு பொத்தான் வைக்கச் செய்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதை அழுத்தினார். அழுத்தினால் முதல் பதிவேடு வந்து மெமரி முழுக்க உட்கார்ந்துகொள்ளும்.

"ஐயா, மெமரி சின்னது" என்று சர்வரம்மா போய்ச் சொன்னார். "அந்தப் பதிவேடு பெருசு. அது வந்து உட்கார்ந்தா, அதுவரைக்கும் பாதி படிச்சு வெச்ச மத்தவங்க பதிவு எல்லாம் போயிடும். திரும்ப முதல்லேர்ந்து தேடணும்."

"பத்து நிமிஷம் இடைவெளி குடுக்கறோமே அம்மா, அதுக்குள்ள தேடிக்கட்டுமே."

"தேட பதினோரு நிமிஷம் ஆகும் ஐயா."

"ஒரு நிமிஷம்தானே வித்தியாசம்? அனுசரிச்சுப் போகச் சொல்லுங்க."

அன்றிலிருந்து அந்த மையத்தில் முதல் பதிவேட்டைத் தவிர வேறு ஒரு பதிவும் வரவில்லை. சராசரி வேகம் துல்லியமாக ஒரு நொடி. விநாடியார் தினமும் அதை நீல மையால் எழுதினார். பதினோரு நிமிடத்தில் ஒரு நிமிடம் குறைந்ததால் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை எழுத, படிவத்தில் கட்டம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மகள் பதினொன்றே காலுக்கு ஓடிவந்தாள். வாசலில் காவலாளி மறித்தார்.

"முதல் தடவையா, ரெண்டாவது தடவையா?"

"முதல் தடவை அண்ணே."

"அப்ப ரெண்டாவது தடவை வாம்மா."

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள். திரும்ப முன்னால் வந்தாள்.

"இப்ப ரெண்டாவது தடவை."

"அது சரி, போ" என்று கதவைத் திறந்தார் காவலாளி.

ஜன்னலில் விநாடியார் காத்திருந்தார். பதினொன்று இருபதுக்கு விண்ணப்பம் உள்ளே போயிற்று. "ஒரு நொடிதானேப்பா?" என்றாள் மகள். விநாடியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு நொடி போயிற்று. ஒரு நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. சரியாகப் பதினொன்று முப்பதுக்கு மாடியில் இயக்குநரின் பொத்தான் அழுந்தியது. திரையில் 'மீண்டும் தேடப்படுகிறது' என்று வந்தது.

"என்னப்பா இது?"

விநாடியார் சொல்லிவிட்டார். மேசை, பீரோ, கத்திரிக்கோல், பொத்தான், எல்லாவற்றையும். அந்த மகளின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். வேண்டாம், பார்க்காததே நல்லது.

"அப்பவே, மறுநாளே வர்றேன்னு சொன்னேனே. நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"ஆமாம்மா."

"இங்கேர்ந்து கம்பெனிக்குக் கால் மணி நேரம். முக்காலுக்கு நான் கிளம்பியாகணும். நாலு வருஷப் படிப்புப்பா. அந்தக் கேடயத்தை எடுத்துக்கிட்டா நான் கப்பல் ஏறறது?"

விநாடியார் கணக்குப் போட்டார். முப்பதுக்குத் தேடல் மறுபடி தொடங்கியிருக்கிறது. நாற்பத்தொன்றுக்கு வந்துவிடும். ஆனால் நாற்பதுக்குப் பொத்தான் அழுந்தும். வாழ்நாள் முழுக்க நொடி நொடியாக அளந்த மனுஷனுக்கு இப்போது தேவைப்பட்டது ஒரே ஒரு நிமிடம். அதை வாங்க அவர் கையில் இருந்தது ஒன்றுதான்: உண்மை. அதைச் சொன்னால் பதவி போகும், பேர் போகும், கேடயம் போகும். வீட்டில் பால் அளக்கக்கூட விட மாட்டார்கள். மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விநாடியார் மாடிப்படியில் ஓடினார். கழுத்தில் வாட்ச் தாடையில் மோதி மோதி ஆடியது.

மாடியில் பார்வையிட வந்த வெளியூர்க் குழு உட்கார்ந்திருந்தது. ஆறு பேர், நடுவில் ஒரு தலைவி. சர்வரம்மா சுவரோரம் நின்றிருந்தார். அவர் கையில் இருந்த சின்னத் திரையில் மகளின் பதிவு ஊர்ந்துகொண்டிருந்தது. இயக்குநரின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. மணி பதினொன்று முப்பத்தொன்பது, ஐம்பது நொடி.

"அழுத்தாதீங்க ஐயா!" என்று கத்தினார் விநாடியார். "நான் ஒரு வாக்குமூலம் குடுக்கணும். அந்த ஒரு நொடி பொய்!"

இயக்குநரின் விரல் அந்தரத்தில் நின்றது. குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"வாக்குமூலமா? எழுதிக்குங்க" என்றார் தன் உதவியாளரிடம். "பெரியவரே, நிதானமா சொல்லுங்க."

விநாடியார் மூச்சு வாங்கச் சொன்னார். பழைய விதியைச் சொன்னார். பதினோரு நிமிடத்தைச் சிவப்பு மையால் அடித்ததைச் சொன்னார். பீரோவை அளக்காமல் மேசையை அளந்ததைச் சொன்னார். தெரிந்தே செய்ததையும், பாராட்டுக்கு ஆசைப்பட்டதையும் சொன்னார். ஊரில் ஒருவருக்கும் ஒரு பதிவும் கிடைக்கவில்லை என்பதைச் சொன்னார். சொல்லி முடிக்க இரண்டே முக்கால் நிமிடம் ஆயிற்று. நடுவிலேயே சுவரோரம் நின்ற சர்வரம்மா ஸ்வெட்டர் கைக்குள்ளிருந்து கட்டைவிரலை மட்டும் வெளியே நீட்டிக் காட்டினார். வந்துவிட்டது. கீழே அச்சு இயந்திரம் கரகரவென்று ஓடும் சத்தம் கேட்டது.

விநாடியாருக்குக் கண் கலங்கியது. இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று கைகட்டி நின்றார்.

தலைவி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்தார்.

"ரொம்ப முக்கியமான வாக்குமூலம்" என்றார் தலைவி. "ஆனா இது முதல் தடவை சொன்னது. உங்க மையத்து விதிப்படி விலக்கப்படும். இன்னும் ரெண்டு தடவை சொல்லுங்க."

"அம்மா, அதான் சொன்னேனே..."

"விதின்னா விதி. அதைப் பார்த்துக் கத்துக்கத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கோம்."

விநாடியார் இரண்டாம் தடவை சொன்னார். இந்தத் தடவை பீரோவும் மேசையும் மட்டும்தான் வந்தன. "இன்னும் ஒரு தடவை" என்றார் தலைவி. விநாடியாருக்கு நாக்கு வறண்டுவிட்டது. அவர் தலைவியைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார், "சரி" என்றார்.

"இரண்டில் குறைந்ததே உண்மை" என்று அறிவித்தார் இயக்குநர்.

உதவியாளர் எழுதிக்கொண்டார்: 'அளவீட்டு அலுவலரின் வாக்குமூலம்: சரி.' குழு எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் பொத்தானை அழுத்தினார். இடையில் மகளின் பதிவு வந்து உட்கார்ந்துவிட்டதால் முதல் பதிவேடு வரப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அது முதல் அளவு என்பதால் யாரும் பார்க்கவில்லை.

விநாடியார் அதற்குள் வாசலுக்கு ஓடியிருந்தார். மகள் கையில் நகலோடு கதவருகே நின்றாள். கதவு பூட்டியிருந்தது. காவலாளி ஒரு தாளை நீட்டிக்கொண்டிருந்தார். சேவைத் திருப்தித் தாள். அதை நிரப்பிக் கொடுத்தால்தான் வெளியே விடுவார்கள். அதில் ஒரே கேள்வி: 'உங்கள் பதிவு எவ்வளவு நேரத்தில் கிடைத்தது?' கீழே இரண்டு கட்டம். ஒன்று, 'ஒரு நொடி'. மற்றது, 'வேறு. காரணம், இரண்டு சாட்சிகள், மூன்று இணைப்புகளுடன் அறை எண் ஒன்பதில் சமர்ப்பிக்கவும்.'

மணி பதினொன்று நாற்பத்தாறு.

"உண்மையை எழுதும்மா" என்றார் விநாடியார். இப்போதுதான் புதுசாக உண்மை பேசக் கற்றவர், அந்த ருசி இன்னும் நாக்கில் இருந்தது.

"உண்மையை எழுதினா கப்பல் போயிடும்ப்பா."

'ஒரு நொடி' என்ற கட்டத்தில் சரக்கென்று ஒரு டிக் போட்டாள். அப்பாவின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு, ஓடினாள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கம்பெனி வாசலில் ஏறிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

அவள் பின்னால் வரிசையில் நின்றவர்கள் காலையிலிருந்து காத்திருந்து வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்கள். பதிவே கிடைக்காதவர்கள். அவர்களும் ஒவ்வொருவராகத் தாளை வாங்கி, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் 'ஒரு நொடி'யில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டு நடந்தார்கள். காவலாளியின் பெட்டி நிரம்பி வழிந்தது. விநாடியார் குனிந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துப் புரட்டினார். ஆயிரம் தாள், ஆயிரம் கையெழுத்து, ஒரே டிக். ஊரே சேர்ந்து சத்தியம் செய்திருக்கும்போது இவர் ஒருவருடைய உண்மை எந்த மூலைக்கு?

"நீங்களும் வீட்டுக்கா சார்?" என்று காவலாளி ஒரு தாளை நீட்டினார்.

விநாடியார் அறை எண் ஒன்பது இருக்கிற திசையைப் பார்த்தார். அங்கேயும் ஒரு வரிசை தெரிந்தது. பேனாவை எடுத்தார். டிக் போட்டார்.

சிரிக்கிறீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். கடைசியாக ஓர் அலுவலகத்திலிருந்து வெளியே வரும்போது நீட்டிய தாளில் நீங்கள் எதில் டிக் போட்டீர்கள்? வாய் அடைத்துப் போயிற்றல்லவா? பரவாயில்லை, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். பதிலுக்கு நீங்களும் எனக்கு ஓர் உபகாரம் செய்யுங்கள். இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு கிழவன் என்று சொல்லி முடித்துவிடுங்கள். அந்த மையத்தில் இன்னும் எனக்கு ஒரு நகல் வாங்க வேண்டியிருக்கிறது.